ஏழாம் வீட்டில் படுத்தவர்கள்

எங்கள் தெருவுக்கு ஒரே கதவு எண். பதினைந்து வீடுகளுக்கும் சேர்த்து ஒன்று. பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து தெற்கே பிரிகிற சந்து அது. அகலம் பதினோரு அடி. நீளம் என் நடையில் நூற்று அறுபத்திரண்டு எட்டு. கிழக்கே சங்குகளைச் சேர்த்துவைக்கும் ஒரு கிட்டங்கியின் பின்சுவர், மேற்கே வீடுகள். இந்த வீடுகளும் ஒரு காலத்தில் அந்தக் கிட்டங்கியின் கொட்டகைகளாக இருந்தவைதான். வரி ஏட்டில் இன்றும் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டடம். குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், கல்யாணப் பத்திரிகை எதிலும் அந்த ஒரே எண்தான் இருக்கும். நாங்களாக வைத்துக்கொண்ட வரிசை வேறு. சாலைப் பக்கம் இருப்பது முதல் வீடு, கடைக்கோடியில் இருப்பது பதினைந்தாம் வீடு. எங்களுடையது முதல் வீடு.

துறைமுகச் சாலையை அகலப்படுத்துவதால் இந்த வரிசை முழுவதும் இடிக்கப்படும் என்று சென்ற ஆண்டு நோட்டீஸ் வந்தது. முப்பது வருடமாகத் தன் வீட்டில் தொடர்ந்து குடியிருந்ததைக் காட்டும் குடும்பத்துக்கு ஊருக்கு வெளியே மூன்று சென்ட் மனை உண்டு. காட்ட முடியாதவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஆண்டில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடந்த கட்டடம் குடியிருப்பாகக் கருதப்படாது என்று நான்காவது பத்தியில் இருந்தது. அந்தப் பத்தியை நான் இரண்டு முறை படித்தேன். இரண்டு முறையும் அது எங்களைப் பற்றியது என்று தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் தெருமுனையில் சிலுவை நட்ட குருசடி முன்னால் எல்லாரும் கூடினோம். எந்தக் குடும்பம் எந்த வீட்டில் இருந்தது என்று சொல்லும் காகிதம் யாரிடமும் இல்லை. பங்குக் கோயிலின் ஞானஸ்நான ஏட்டில் தெருவின் பெயர் இருக்கிறது, வீடு இல்லை. மின்சார மீட்டர்கள் வெகுநாள் வரை மூன்று வீட்டில்தான் இருந்தன. நான்காம் வீட்டில் இருக்கும் கிழவர் நாற்பது வருடம் சரக்குத் தோணியில் தண்டலாக இருந்தவர், அதாவது தோணியை நடத்திப் போனவர். அவர்தான் என்னைக் கைகாட்டினார்.

"நம்ம டைரிக்காரன் இருக்காம்லா. இவன் வீட்டுல பல்லி சத்தம் போட்டாக்கூட நேரம் குறிச்சு வச்சிருப்பான்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கப்பலில் ஏறி இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிப்பது என் வேலை. பதினேழு வயதிலிருந்து டைரி எழுதுகிறேன். இப்போது ஐம்பத்து நான்கு, முப்பத்தேழு டைரிகள். கவிதை, வருத்தம் என்று எதுவும் அவற்றில் இல்லை. காற்று எந்தத் திசை, எந்தத் தோணி போனது, எந்த வீட்டில் என்ன நடந்தது, யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க ஆலந்தலையிலிருந்து ஆள் வந்தது, இவைதான். எங்கள் தெருவின் வரலாற்றை எழுதி, அதை விசாரணை அதிகாரியிடம் கொடுப்பது என்று முடிவாயிற்று.

இருபத்திரண்டு பக்கம் எழுதினேன். எங்கள் தரையில் எங்கே இரண்டடி தோண்டினாலும் சிப்பி ஓடு வரும் என்பதில் தொடங்கினேன். முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைக் குவித்து அழுகவிட்ட இடம் இது. முத்தை எடுத்துக்கொண்டு ஓட்டை அப்படியே மிதித்து அமுக்கி, மேலே கொட்டகை போட்டார்கள். அந்த நாற்றத்தில் யாரும் குடிவர ஒப்பவில்லை. சங்கு குளிக்கிறவர்களும் தோணிக்காரர்களும்தான் வந்தார்கள். கடலில் இதைவிட மோசமான நாற்றத்தைப் பார்த்தவர்கள். பிறகு ஓடு வேய்ந்தது, கொழும்பிலிருந்து தோணியில் கதவுகள் வந்தது, தெருக்குழாய் வந்தது, தோணிகளில் பாய் போய் இன்ஜின் வந்தது என்று வரிசையாக எழுதினேன். ஒவ்வொரு தகவலுக்கும் அடியில் ஆதாரம் குறித்தேன். அப்பா சொன்னதா, ஞானஸ்நான ஏட்டில் பார்த்ததா, என் டைரியில் இன்ன வருடம் இன்ன நாளில் உள்ளதா என்று. ஆதாரம் இல்லாத வரி ஒன்றுகூட இல்லை.

அந்த அதிகாரி என்னைவிட இளையவர், மரியாதையானவர். எழுதியதை முழுக்கப் படித்திருந்தார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கீங்க சார். ஆனா பாருங்க, இங்க சிப்பி கிடந்ததுக்கு ஆதாரம் இருக்கு. ஆளு கிடந்ததுக்குத்தான் வேணும்" என்று சிரித்தார். பிறகு பக்கத்தின் அடியைத் தொட்டுக் காட்டினார். "இந்த டைரியெல்லாம் ஒரிஜினல் இருக்கா?"

"முப்பத்தேழும் இருக்கு சார்."

"அப்ப கவலையே இல்ல. கொண்டு வந்து குடுங்க."

இரண்டு அரிசிச் சாக்கில் அடுக்கினோம். சாக்கின் வாயை ஒன்பதாம் வீட்டு அக்கா தைத்துக் கொடுத்தார். அவருக்கு என்னைவிடப் பதினாறு வயது கூட. வீட்டுக்காரர் தோணியில் போய் வந்தவர், இறந்து பல வருடமாகிறது. ஒரே மகள் விளாத்திகுளத்தில் வாடகை வீட்டில் நாலு பிள்ளைகளோடு இருக்கிறாள். அக்காவுக்கு அந்த ஒன்பதாம் வீட்டை விட்டால் போக்கிடம் கிடையாது.

"ஏலே, எங்க வீட்டுச் சண்டையெல்லாம் இதுல இருக்கா?" என்று கேட்டார்.

"தேதியோட இருக்குக்கா."

"அப்ப போற வழியில கடல்ல போட்டுரு."

ஷேர் ஆட்டோவில் சாக்குகளை ஏற்றிவிட்டு, ஆட்டோ திரும்பும் வரை அக்கா தெருமுனையில் நின்றார்.

மூன்று வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டார்கள். டைரிகளில் மஞ்சள் துண்டுகள் நிறைய நீட்டிக்கொண்டிருந்தன. அதிகாரி சிரிக்கவில்லை. ஒரு டைரியைத் திறந்து படித்தார்.

"'ஆறு, எட்டு, ஒன்பது பூட்டு.' அடுத்த நாள், 'ஆறு, எட்டு, ஒன்பது பூட்டு.' அதுக்கடுத்து, 'ஒன்பது திறப்பு.' அஞ்சு நாள் கழிச்சு, 'ஒன்பது பூட்டு.' இது என்ன சார்?"

எனக்கு என்னவென்று அப்போதே தெரிந்துவிட்டது.

அந்த இருபத்திரண்டு பக்கத்தில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எங்கள் தெருவில் முதல் வீட்டைத் தவிர எல்லா வீட்டிலும் ஆண்கள் தோணிக்குப் போகிறவர்கள். ஆனி, ஆடியில் காற்று மோசமாக இருக்கும்போது தோணிகள் கரையில் கிடக்கும். ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஆவணியில் புறப்பட்டால் வைகாசி வரைக்கும் கொழும்பு, மாலத்தீவு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். மாதத்தில் ஏழெட்டு நாள் கரையில் இருந்தால் அதிகம். அந்த மாதங்களில் பெண்கள் தனித்தனியாக இருப்பதில்லை. இரண்டு முதல் ஐந்து வரையுள்ள வீட்டுக்காரர்கள் மூன்றாம் வீட்டிலும், ஆறு முதல் ஒன்பது வரை ஏழாம் வீட்டிலும், மிச்சப் பேர் பன்னிரண்டாம் வீட்டிலும் பிள்ளைகளோடு சேர்ந்து சமைத்து, சேர்ந்து படுப்பார்கள். மற்ற வீடுகளைப் பூட்டிவிடுவார்கள். யாருடைய தோணியாவது வந்தால் அந்த வீடு மட்டும் திறக்கும். தோணி போனால் மறுபடி பூட்டு. இதற்குத் தெருவில் தனியாக ஒரு பெயர்கூடக் கிடையாது. ஏன் இப்படி என்று ஒருமுறை தண்டலிடம் கேட்டேன். "ஒத்தையில கிடந்தா கடல் சத்தம் காதுல விழும். கூட்டமாக் கிடந்தா விழாது" என்றார்.

என் அப்பா துறைமுகத்தில் எழுத்துவேலை, கடலுக்குப் போகாதவர். எங்கள் வீடு எப்போதும் திறந்திருக்கும். அதனால் பூட்டிய வீடுகளின் சாவிகள் எல்லாம் எங்களிடம் இருந்தன. அம்மாவுக்கு எழுதத் தெரியாது. எந்த வீடு பூட்டு, எந்த வீடு திறப்பு என்று மறந்துவிடாமல் இருக்க அவர் சொல்லச் சொல்ல நான் அன்றன்று குறித்தேன். அப்பா இறந்த பிறகும் குறித்தேன். இன்ஜின் வந்து பயண நாட்கள் குறைந்து, பிறகு ஆண்கள் கப்பல் வேலைக்கும் துறைமுக வேலைக்கும் மாறி, இந்த வழக்கம் நின்றபோது எனக்கு முப்பது வயது. அப்படியானால் அதிகாரி கேட்கும் முப்பது வருடத்தில் முதல் ஆறு வருடம் இதற்குள் வருகிறது.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"நம்புறேன் சார். ஆனா நான் நம்புறது பத்தாது. ஒன்பதாம் வீடு இந்த வருஷத்துல இருநூத்திப் பதினாலு நாள் பூட்டியிருக்கு. நான் எழுதல, நீங்கதான் எழுதியிருக்கீங்க. அந்தம்மா அந்த இருநூத்திப் பதினாலு நாளும் பக்கத்து வீட்டுலதான் படுத்தாங்கன்னு ஒரு வரி காட்டுங்க. போதும்."

"அவங்களக் கேட்டா சொல்லுவாங்க சார்."

"ஆதாயம் இருக்கிறவங்க சொல்றத எப்படி எடுத்துக்கிறது? எழுத்துல காட்டுங்க."

டைரிகளை வாங்கிவந்து பதின்மூன்று நாள் தேடினேன். வேலைக்கு விடுப்பு எடுத்தேன். ஆறு வருடத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் விரலை வைத்துப் படித்தேன். குழாயில் தண்ணீர் வந்த நேரம் இருந்தது. கிட்டங்கிச் சுவரில் யாரோ எழுதிய கெட்ட வார்த்தைகூட இருந்தது. 'எல்லாரும் ஏழாம் வீட்டில் படுத்தார்கள்' என்ற வரி எங்கும் இல்லை. ஏன் இருக்கும்? அது தினமும் நடப்பது. மாறுவதைத்தான் நான் குறித்திருந்தேன், மாறாததைக் குறிக்கவில்லை. பத்தாம் நாள் ஒரு பக்கம் கிடைத்தது. 'ஏழாம் வீட்டில் அம்மை. பெரியவர் இருவர், பிள்ளைகள் ஐவர். வேப்பிலை கட்டினார்கள்.' எனக்கு அழுகை வந்துவிட்டது. ஓடிப்போய்க் காட்டினேன். அதிகாரி இரண்டு முறை படித்தார்.

"இது ஒரு வாரத்துக்கு ஆதாரம் சார். இது மாதிரி ஆறு வருஷத்துக்கு வேணும்."

மறுமாதம் உத்தரவு வந்தது. பதினான்கு வீடுகள் தள்ளுபடி. மூன்று, ஏழு, பன்னிரண்டாம் வீடுகள் பூட்டியதாக இல்லாவிட்டாலும், அவற்றில் அந்தந்தக் குடும்பம்தான் குடியிருந்தது என்று காட்ட எழுத்து எதுவும் இல்லையாம். முதல் வீடு மட்டும் தகுதியானது. அந்த வீடு பூட்டியதாக ஓரிடத்திலும் குறிப்பு இல்லை, அதன் குடித்தனக்காரர், அதாவது நான், வேலைக்காகச் சென்னையில் இருந்த எட்டு மாதத்திலும் வீட்டிலிருந்து கடிதம் வந்ததாக டைரி தெளிவாகச் சொல்கிறது என்று எழுதியிருந்தது. தள்ளுபடியானவர்கள் முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

எல்லாரையும் காப்பாற்றப் போன என் டைரி என்னை மட்டும் காப்பாற்றியிருந்தது.

தெருவில் யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் வந்தால் பேச்சு நிற்கும். தண்டல் மட்டும், "என்னல செய்ய, நீ எழுதினது பொய்யில்லயே" என்றார். அந்த ஆறுதல் பேச்சு ஒரு அறையைப் போல விழுந்தது. ஒன்பதாம் வீட்டு அக்காதான் வாய்விட்டுக் கேட்டார். குழாயடியில், ஐந்தாறு பேர் குடத்தோடு நிற்கையில் கேட்டார்.

"நாங்க பூட்டுனத எழுதினியே, பூட்டிட்டு எங்க கிடந்தோம்னு ஏன்ல எழுதல?"

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேக்கா."

"எல்லாருக்கும்னா யாருக்குல? இந்தச் சந்துக்கு. கவர்மெண்டுக்குத் தெரியுமா?"

நான் குடத்தை நிரப்பாமலே திரும்பிவிட்டேன்.

மனையை ஏற்பதாகக் கையெழுத்துப் போட எனக்குப் பதினைந்து நாள் தவணை. பன்னிரண்டு நாள் போடாமல் இருந்தேன். என் மனைவி சாதாரணமாக எதையும் வற்புறுத்துகிறவள் இல்லை. இதில் மட்டும் ஒவ்வொரு நாளும் காலையில் கேட்டாள்.

"போயிட்டு வந்திருங்க. நாம வேண்டாம்னு சொன்னா அவங்களுக்குக் கிடைச்சிருமா?"

"எப்படிப் போட? அவங்க முகத்த எப்படிப் பாக்க?"

"அப்ப எங்க போவோம், சொல்லுங்க. மக வீட்டுக்கா? அவளே மாமியார் மாமனார்னு ஆலந்தலையில ரெண்டு ரூமுல இருக்கா."

பதின்மூன்றாம் நாள் போய்க் கையெழுத்துப் போட்டேன். இதை மறைக்கப் போவதில்லை. போட்டேன்.

அந்த வாரமே மனையைக் காட்டக் கூட்டிப்போனார்கள். உப்பளங்களைத் தாண்டி, பேருந்து நிற்கிற இடத்திலிருந்து ஒன்றரை கிலோமீட்டர். வெள்ளைத் தரை, உடைமரம், வேறு ஒன்றும் இல்லை. முதல் எண் கல் என்னுடையது. என் மனைவி அதைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கு அப்பால் இரண்டு, மூன்று, நான்கு என்று கற்கள் நட்டிருந்தன. நடந்துபோய் எண்ணினேன். பதினைந்து வரை இருந்தன. எல்லாக் கல்லுக்கும் ஒரே மாதிரி மஞ்சள் வர்ணம், ஒரே ஆள் எழுதிய எண். விசாரணைக்கு முன்பே எங்கள் எல்லாருக்கும் அளந்து வைத்திருக்கிறார்கள்.

"இந்த மிச்சக் கல்லெல்லாம்?" என்று காவலாளியிடம் கேட்டேன்.

"ஆள் இல்லன்னா பிடுங்கிருவாங்க அண்ணாச்சி."

வீட்டுக்கு வந்ததும் மேல்முறையீட்டு மனுவை எழுத உட்கார்ந்தேன். அந்த ஆறு வருடத்தில் எந்த வீட்டில் யார் யார் படுத்தார்கள், எந்தச் சுவரோரம், யாருக்குப் பக்கத்தில் யார், சமையல் யார் செய்தது என்று ஆள் ஆளாகக் கேட்டு வாக்குமூலமாக எழுதுவது. டைரியில் இல்லாததை இப்போதாவது எழுதுவது. நான் கதவைத் தட்டியபோது சிலர் திறக்கவில்லை. இரண்டாம் முறை, மூன்றாம் முறை போனேன். வாசலில் நின்றபடியே சொன்னார்கள். மூன்றாம் வீட்டுக் கூட்டம் முடிந்தது. பன்னிரண்டாம் வீட்டுக் கூட்டமும் முடிந்தது. ஆறு முதல் ஒன்பது வரைக்கும் யார் சொல்வது? ஏழாம் வீட்டில் படுத்த பெரிய பெண்களில் உயிரோடு இருப்பது ஒன்பதாம் வீட்டு அக்கா ஒருவர்தான். மற்றவர்கள் இறந்துவிட்டார்கள். பிள்ளைகள் அப்போது சின்னஞ்சிறுசுகள். அக்கா சொல்லாவிட்டால் நான்கு வீடும் போகும்.

அக்கா பேச மறுத்துவிட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டு வந்து எங்கிட்ட கையெழுத்துக் கேக்குதியா? போல."

தினமும் போனேன். கெஞ்சினேன். தவணை முடிய இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் போய் அவர் வீட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வெயில் ஏறியது. அக்கா உள்ளே குசினியில் மீன் கழுவும் சத்தம் கேட்டது. கழுவிய தண்ணீரை எனக்கு இரண்டு சாண் தள்ளி ஊற்றினார். பதினோரு மணிக்குமேல் வெளியே வந்து முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"எழுது."

ஏழாம் வீட்டின் முன்னறையில் கிழக்குச் சுவரோரம் தான், தன் மகள். அடுத்து எட்டாம் வீட்டுக்காரியும் இரண்டு பிள்ளைகளும். கதவை அடைத்தாற்போல ஆறாம் வீட்டுக்காரி. அவளுக்குத் தூக்கம் வராது, அதனால் வாசலுக்கு அவள்தான். உள்ளறையில் ஏழாம் வீட்டுக்காரியும் மூன்று பிள்ளைகளும். சோறு பொங்குவது தான், குழம்பு ஏழாம் வீட்டுக்காரி. எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன்.

"ஆக மொத்தம் பத்துப் பேர்" என்றேன்.

"எந்த வருஷத்துக்கு எழுதுத?"

"நான் மெட்ராஸுல இருந்த வருஷத்துல இருந்து தொடங்குது."

"அப்படின்னா பதிமூணு."

"இல்லக்கா, எண்ணிட்டேன். பத்துதான்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். சிரிப்பா, கோபமா என்று சொல்ல முடியவில்லை.

"உள்ளறையில சுவரோரம் ஒன் அம்மா. அடுத்து ஒன் பொண்டாட்டி. நடுவுல மூணு மாசத்துப் பச்சப்பிள்ள. ஒங்க வீட்டப் பூட்டித்தான் கிடந்தாங்க. எங்க சாவியும் சேத்து ஒங்க அம்மா இடுப்புலதான் கிடந்துச்சு. ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியாதுக்கா."

"எட்டு மாசம்ல. போய் அவட்டயே கேளு."

அந்த வருடம் எங்கள் நிறுவனம் என்னைச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தது. அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். கல்யாணமாகி ஒன்றரை வருடம். மகள் பிறந்து மூன்று மாதம். சென்னையில் இருந்தபோதும் டைரி எழுதினேன். தங்கியிருந்த அறையின் மூட்டைப்பூச்சியைக்கூட எழுதியிருக்கிறேன். வீட்டைப் பற்றி இருப்பது ஒரே வாக்கியம்தான்: 'வீட்டிலிருந்து கடிதம். எல்லாரும் நலம்.' பதினேழு இடத்தில் இருக்கிறது. எங்கிருந்து எழுதினார்கள் என்று நான் கேட்டதில்லை.

மனைவி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டதும் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆமா. ஏழாம் வீட்டுலதான் கிடந்தோம். மாமிக்குப் பயம், எனக்கும் பயம். பிள்ளைக்கு வயித்தாலப் போனப்ப அந்த அக்காதான் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீங்க திரும்பி வாரதுக்கு ரெண்டு நா முன்னாடி வீட்டக் கூட்டித் தொடச்சுத் திறந்து வச்சோம். அப்புறம் சொல்லுததுக்கு என்ன இருக்கு? எல்லாரும் செய்யுததுதான்."

"இப்ப? விசாரணை நடக்கும்போது?"

அவள் குனிந்து முறத்தில் கல் பொறுக்கினாள். நான் மறுபடி கேட்டேன்.

"சொன்னா நம்ம வீடும் போயிருமே" என்றாள். "எனக்கு முதல் நாளே தெரியும். நீங்க ஒவ்வொரு பக்கமாத் தேடுனப்ப பக்கத்துலதானே இருந்தேன். வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கிட்டேன். அந்தக் கல்லத் தொட்டப்பவும் முழுங்கிட்டேன்."

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அவளைத் தேற்றவில்லை. எனக்குக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் ஓடியது. எட்டு மாதம் என்றால் பாதிக்கு மேல். அந்த வருடத்துக்கு எங்கள் வீடும் குடியிருப்பு இல்லை. இதை எழுதாவிட்டால் எங்கள் மனை நிற்கும். எழுதினால்? தனக்கு நஷ்டம் வரும்படி ஒருவர் சொல்லும் சொல்லை, ஆதாயத்துக்காகச் சொல்வது என்று தள்ள முடியாது. தகுதியானது என்று அவர்களே தீர்த்த வீட்டின் ஆட்கள் எட்டு மாதம் ஏழாம் வீட்டில் படுத்தார்கள் என்றால், பூட்டு என்பதற்கு ஆள் இல்லை என்று பொருள் கிடையாது. பதினைந்து வீடும் பிழைக்கலாம். பதினைந்தும் போகலாம். அதிகாரி எதை எடுத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அன்று முழுவதும் அவள் புடைத்த அரிசியை மறுபடி புடைத்தாள். நான் மனுவின் மூன்றாம் பக்கத்தைத் திறந்து, 'பத்துப் பேர்' என்று இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை மூட்டை என்று எண்ணுகிற வேலையில் முப்பது வருடம் இருந்திருக்கிறேன். ஒருமுறைகூடக் குறைத்தோ கூட்டியோ எழுதியதில்லை. அந்தப் பத்தை அப்படியே விட்டுவிட ஒரு முழு நாளும் நான் ஆசைப்பட்டேன்.

மறுநாள் கடைசி நாள். காலையில் நான் எழுந்தபோது அவள் குளித்துப் புடவை மாற்றியிருந்தாள்.

"நான் சொல்லுதேன், எழுதுங்க" என்றாள். "ஆனா இங்கன வேண்டாம். அங்க வச்சு எழுதுங்க."

எனக்கு முன்னால் நடந்தாள். முதல் வீட்டிலிருந்து ஒன்பதாம் வீட்டுக்குத் தொண்ணூற்றாறு எட்டு. ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள். அக்கா படியில் உட்கார்ந்து தலையைக் கோதிக்கொண்டிருந்தார். என் மனைவி அவர் காலடியில், தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, தெரிஞ்சே சும்மா இருந்தேன்க்கா."

அக்கா சீப்பிலிருந்து முடியை உருவிச் சுருட்டினார்.

"நானா இருந்தாலும் சும்மாதான் இருந்திருப்பேன்ளா" என்றார். "உள்ளறையில ஒனக்கு அந்தப் பக்கம் யாரு கிடந்தா? ஏழாம் வீட்டுக்காரியா, அவ மூத்த மகளா? எனக்கு ஞாபகம் இல்ல. அதச் சரியாச் சொல்லு. இவன் தப்பா எழுதித் தொலைக்கப் போறான்."

"மூத்த மகதான்க்கா. ராத்திரியெல்லாம் மிதிப்பா."

"ஆமா, மிதிப்பா. எழுதுல, மிதிப்பான்னும் எழுது."

எழுதினேன். பதின்மூன்று பேர். என் மனைவி கையெழுத்துப் போட்டாள். அக்கா ரேகை வைத்தார். பகல் இரண்டு மணிக்கு மூன்று பேரும் அலுவலகத்தில் இருந்தோம். அதிகாரி இல்லை. மனுக்களை வாங்கும் எழுத்தர் பெண் பக்கங்களை எண்ணி முத்திரை குத்திக்கொண்டே வந்தவள், என் மனைவியின் வாக்குமூலத்தில் நிறுத்திப் படித்தாள்.

"முதல் வீடா? உங்களுக்குத்தான் ஆர்டர் ஆயிருச்சேம்மா. நீங்க எதுக்கு இதுல?"

"அந்த வருஷம் நாங்க எங்க கிடந்தோம்னு சொல்லணும்லா" என்றாள் என் மனைவி.

"புரிஞ்சுதான் குடுக்கீங்களா? இது உங்க ஃபைலுக்கும் போகும்."

"போகட்டும்."

அந்தப் பெண் எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து அலமாரியின் மேல்தட்டில், முடிந்த கோப்புகளின் அடுக்கிலிருந்து எங்களுடையதை உருவினாள். கீழே மேசையோரம் பதினான்கு கோப்புகள் கிடந்தன. அவற்றின் மேல் அதை வைத்து, நாடாவை அவிழ்த்து, பதினைந்தையும் சேர்த்துக் கட்டினாள். நாடா நீளம் பத்தவில்லை. இன்னொரு நாடாவை முடிச்சுப் போட்டு நீட்டினாள்.